பழைய வேக்குவம் கிளீனர்தான் நல்லா இழுக்குதா? வட சென்னைத் தூசிக் கணக்கு

6 ஜனவரி 2025, தண்டையார்பேட்டை வாசகர் கேட்டது

பரண்ல ஒரு பழைய உருளை எலக்ட்ரோலக்ஸ் கிடக்கு. இரும்புக் கனம், துணி சுத்தின ஒயர், ரெண்டு பின் பிளக். கீழே 1400 வாட்ஸ்ல புதுசு ஒண்ணு இருக்கு. பழசுதான் நல்லா இழுக்குதுன்னு வீட்ல எல்லாரும் அடிச்சுச் சொல்றாங்க. அந்தக் காலத்து மோட்டாரே தனி, இப்ப வர்றதெல்லாம் பிளாஸ்டிக் டப்பாங்கிறது என் கட்சி. போகிக்குள்ள எதைக் கழிக்கறதுன்னு முடிவு பண்ணணும். சொல்லுங்க.

6 ஜனவரி, இரவு

ரெண்டையும் கழிக்காதீங்க. அதுக்கு முன்னாடி பழசோட பேர்த்தகடைப் படிங்க. அந்தத் தலைமுறை உருளைகள்ல சில நூறு வாட்ஸ்தான் போட்டிருக்கும். 1400 வாட்ஸை அது ஜெயிக்குதுன்னா, புதுசுல ஏதோ அடைச்சிருக்குன்னு அர்த்தம். மோட்டாருக்கு முன்னாடி இருக்கிற பஞ்சு ஃபில்டரையும், காத்து வெளிய போற பக்கம் இருக்கிற ஃபில்டரையும் கழட்டிப் பாருங்க. பாதிப் பேர் பின்பக்க ஃபில்டர் ஒண்ணு இருக்குறதையே பார்த்திருக்க மாட்டாங்க.

இன்னொண்ணு. பழசோட தட்டை மூக்கு தரையில "சப்"னு ஒட்டிக்குதே, அதை வெச்சு இழுவைன்னு நம்பாதீங்க. ஒட்டிக்கிச்சுன்னா காத்து போகலை. காத்து போகலைன்னா தூசியும் போகலை. தூசியை எடுத்துட்டுப் போற கூலியாள் காத்துதான்.

இப்போதைக்கு அந்தப் பழசைப் பிளக்ல சொருகவே வேணாம். காரணம் அப்புறம் எழுதறேன்.

7 ஜனவரி

இழுவைன்னு ஒரே வார்த்தையில ரெண்டு சமாச்சாரத்தைப் போட்டுக் குழப்பிக்கிறோம். வாயை முழுசா அடைச்சா எவ்வளவு அழுத்தம் வருதுங்கிறது ஒண்ணு. பெட்டியில கிலோபாஸ்கல்னு போடறது இதைத்தான். வாயைத் திறந்து விட்டா நொடிக்கு எத்தனை லிட்டர் காத்து போகுதுங்கிறது இன்னொண்ணு. இதைப் பெட்டியில தேடினாலும் கிடைக்காது.

அழுத்தத்தை வீட்லயே அளக்கலாம். கொத்தனார் மட்டம் பார்க்கிற, உள்ள தெரியற பிளாஸ்டிக் டியூப் 3 மீட்டர் வாங்கி, U மாதிரி வளைச்சுச் சுவத்துல ஒட்டுங்க. பாதி உயரத்துக்குத் தண்ணி ஊத்துங்க. மை ரெண்டு சொட்டு விட்டா மட்டம் பளிச்சுனு தெரியும். ஒரு முனையை ஹோஸ் வாயில சொருகி, இடுக்கை ஈரத்துணியால அடைச்சு, 5 நொடி ஓட விடுங்க. ரெண்டு பக்கத் தண்ணி மட்டத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்னு பாருங்க. 10 சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட 1 கிலோபாஸ்கல்.

7 ஜனவரி, கொஞ்சம் கழிச்சு

5 நொடின்னா 5 நொடிதான். வாயை அடைச்சு ஓட்டும்போது மோட்டார் கீச்சுனு சத்தம் ஏத்தும். பாரம் கூடி முக்குதுன்னு நினைக்கறாங்க, நேர் எதிர். விசிறி தள்ள காத்து இல்லாததால பாரம் குறைஞ்சு வேகம் ஏறுது. மீட்டர் வெச்சுப் பார்த்தா ஆம்பியர் இறங்கியிருக்கும். ஆனா மோட்டாரைக் குளிரவைக்கிறதும் அதே காத்துதான். அது நின்னா சூடு நிமிஷத்துல ஏறிடும்.

9 ஜனவரி

பெரம்பூர்க்காரர் ஒருத்தர் திட்டியிருக்கார்: "3 மீட்டர் டியூப்ல தண்ணி மொத்தமும் மெஷினுக்குள்ள போயிடுச்சு சார்." தப்பு என்னுது. 3 மீட்டரை வளைச்சா ஒரு கை 1.5 மீட்டர். அதுல கிடைக்கிற அதிகபட்ச வித்தியாசமும் 1.5 மீட்டர், அதாவது 15 கிலோபாஸ்கலுக்குக் கொஞ்சம் கீழே. பழைய மெஷினுக்கு அது போதும். 20 கிலோபாஸ்கல்னு போட்ட புது மெஷின் 2 மீட்டருக்கு மேல தூக்கும். அதனால டியூப் 5 மீட்டர் வேணும். ஒவ்வொரு கையும் 2.4 மீட்டர், தண்ணி 1.2 மீட்டர். மாடிப்படிச் சுவர்தான் இதுக்குத் தோது.

எவ்வளவு நீளம் வெச்சாலும், ஹோஸுக்கும் டியூப்புக்கும் நடுவுல ஒரு காலி 2 லிட்டர் பாட்டிலைக் கோத்துடுங்க. எகிறுற தண்ணி அதுல விழும். மெலிசு பாட்டில் அப்பளமா நொறுங்கிடும், கெட்டி பிளாஸ்டிக் கேன் எடுங்க.

தண்ணி போன மெஷினை உடனே போட்டுப் பார்க்க வேணாம். கழட்டி, ஃபேன் காத்துல ரெண்டு நாள். அப்புறம் மெக்கர் (கரன்ட் உடம்புக்குக் கசியுதான்னு பார்க்கிற மீட்டர்).

9 ஜனவரி, இரவு

யோசிச்சுப் பார்த்தா 7-ஆம் தேதிக் குறிப்புல இன்னொரு ஓட்டையும் இருக்கு. வாயை அடைச்சு அளக்கும்போது காத்து ஓடறதே இல்லை. காத்து ஓடலைன்னா ஃபில்டர் அடைப்பு தன் வேலையைக் காட்டாது. சாம்பல் அப்பி மூச்சு முட்டற ஃபில்டரோடயும் அந்த டெஸ்ட்ல முழு மார்க் வாங்கலாம். டியூப் டெஸ்ட் மோட்டார், விசிறி, மூட்டு ஒழுக்கு இதுக்கு மட்டும். அடைப்புக்குக் காத்தை அளக்கணும்.

அதுக்கு ஒரு பெரிய குப்பைப் பை போதும். பையைப் படுக்க வெச்சு அகலத்தையும் நீளத்தையும் மீட்டர்ல எடுங்க. அகலம் × அகலம் × நீளம் ÷ 3.14, அதை 1000-ஆல பெருக்கினா லிட்டர். 75 சென்டிமீட்டர் அகலம், 1 மீட்டர் நீளம்னா 179 லிட்டர். வாயைக் கட்டறதுல போறதைக் கழிச்சா 150-ன்னு வெச்சுக்கலாம். பையை வீசிக் காத்தை நிரப்பி, வாயை ஹோஸ் முனையில ரப்பர் பேண்டால கட்டி, ஸ்விட்சைப் போட்டு, பை சப்பையாகற நேரத்தைப் பாருங்க. 5 நொடின்னா நொடிக்கு 30 லிட்டர்.

இந்த ரெண்டு எண்ணும் கிடைச்சா போதும். கிலோபாஸ்கலையும் லிட்டரையும் பெருக்கி 4-ஆல வகுங்க. மெஷின் காத்துக்குக் கொடுக்கிற அதிகபட்ச வாட்ஸ் தோராயமா வந்துடும். 20 × 30 ÷ 4 = 150. பிளக்ல 1400 வாட்ஸ் இழுத்து, காத்துக்குக் கொடுக்கறது 150. மிச்சமெல்லாம் சூடும் சத்தமும். வாட்ஸைப் பார்த்து வாங்கறது, அடுப்பு எவ்வளவு விறகு தின்னுதுன்னு பார்த்துச் சாப்பாட்டுக்கு மார்க் போடற மாதிரி.

ஐரோப்பாவுல இதுக்குச் சட்டமே போட்டாங்க. 2014 செப்டம்பர்லேர்ந்து 1600 வாட்ஸுக்கு மேல கூடாது, 2017 செப்டம்பர்லேர்ந்து 900-க்கு மேல கூடாது. மூக்கையும் காத்து வழியையும் திருத்திக்கிட்டாங்க, வீடு கூட்டற வேலை அங்க நின்னுடலை.

10 ஜனவரி

பிளக். 1400 ÷ 230 = 6.1 ஆம்பியர். சின்ன சாக்கெட்டோட வரம்பு 6. மெஷின்ல இருக்கிற பின் அதுல போகுதுங்கிறதுக்காகச் சொருகிடறோம். பத்து நிமிஷத்துல பிளக்கைத் தொட்டா சுடுதுன்னா சாக்கெட் உள்ள இருக்கிற பித்தளை தளர்ந்து போச்சு. கிரைண்டர், கெய்சருக்குப் போட்ட 16 ஆம்பியர் பாயின்ட்டுல போடுங்க. எக்ஸ்டென்ஷன் வேணும்னா 1.5 சதுர மி.மீ. ஒயர். சுருட்டி வெச்சே ஓட்டாதீங்க, சுருள் நடுவுல சூடு தங்கி ஒயர் உருகும்.

கோடைச் சாயங்காலத்துல வோல்டேஜ் 200-க்கு இறங்கிற தெருக்கள்ல மெஷின் நோஞ்சானாத்தான் ஓடும். அதுக்கு மெக்கானிக்கைக் கூப்பிடாதீங்க.

13 ஜனவரி, போகி

ஒரே வரி. இன்னிக்கு வாசல்ல எரிச்ச சாம்பலை வேக்குவம் போட்டு இழுக்காதீங்க. மேல ஆறின மாதிரி இருக்கும், உள்ள கங்கு இருக்கும். காத்து பட்டா அது பையிலயே பத்திக்கும். சாம்பிராணித் தணலுக்கும் இதே விதி.

19 ஜனவரி

பழசை ஏன் சொருக வேணாம்னேன்னு தண்டையார்பேட்டைக்காரர் ஞாபகப்படுத்திட்டார். உடம்பு இரும்பு, பின் ரெண்டு, எர்த் கிடையாது. உள்ள ரப்பர் உறை போட்ட ஒயர். ரப்பர் வயசானா பிஸ்கட் மாதிரி உதிரும். செம்பு எங்கயாவது உடம்பைத் தொட்டா, பிடிச்சிருக்கிற கைதான் எர்த்.

வரிசை இதுதான். முதல்ல கையால விசிறியைச் சுத்துங்க. சுத்தலைன்னா மின்சாரப் பேச்சே வேணாம், பேரிங்கைப் பாருங்க. அப்புறம் ஒயரை முழுசா மாத்துங்க, நுனியை மட்டும் வெட்டி ஒட்டற வேலை ஆகாது. 3 கோர், 1 சதுர மி.மீ. போதும். பச்சை எர்த் ஒயரை மெஷின் உடம்புல ஒரு திருகுக்குக் கீழ பெயின்ட்டைச் சுரண்டி, பல்லு வாஷர் வெச்சு இறுக்குங்க. பெயின்ட் மேல இறுக்கின எர்த் பேருக்குத்தான் எர்த்.

ஸ்விட்ச் பக்கத்துல ரேடியோ இரைச்சலைத் தடுக்க ஒரு கண்டென்சர் இருக்கும். பழைய காகித டைப்னா வெட்டி எறிங்க. அது இல்லாமலும் மெஷின் ஓடும், டிவியில கோடு வரலாம். புதுசு போடறதா இருந்தா X2-ன்னு (மெயின் கரன்ட்டுக்குன்னே வர்ற ரகம்) எழுதினது மட்டும்.

அப்புறம் 500 வோல்ட் மெக்கர். உடம்புக்கும் பிளக் பின்னுக்கும் நடுவுல 1 மெகாஓமுக்குக் கீழ காட்டினா நிறுத்துங்க. வெயில்ல ரெண்டு நாள் காய வெச்சு மறுபடி பாருங்க. பல மோட்டார் வெறும் ஈரத்தாலதான் ஃபெயில் ஆகுது, ரீவைண்டிங் தேவையே இருக்காது.

மெக்கர் தேறினா சீரிஸ் லாம்ப். 200 வாட்ஸ் குண்டு பல்பு ஒண்ணை சீரிஸ்ல போட்டு ஆன் பண்ணுங்க. பல்பு லேசா எரிஞ்சு மோட்டார் மெதுவாச் சுத்தினா நல்லது. பல்பு முழு வெளிச்சத்துல எரிஞ்சு மோட்டார் அசையலைன்னா ஷார்ட். நேரடி 230 கடைசியிலதான்.

20 ஜனவரி

கார்பன் பிரஷ், அதாவது மோட்டார்ல சுத்தற பாகத்துக்குக் கரன்ட் கொடுக்கிற கரித்துண்டு. இந்த இழையில இதைப் பத்தித்தான் அதிகம் எழுத இருக்கு, ஏன்னா பழைய மெஷின் நிறைய இதாலதான் காயலான் கடைக்குப் போகுது.

கழட்டும்போது எந்தப் பிரஷ் எந்தப் பக்கம், எந்தத் திசைன்னு பென்சில்ல குறிங்க. நுனி கம்யூட்டேட்டருக்கு (பிரஷ் உரசற செம்புத் துண்டு வளையம்) ஏத்த மாதிரி வளைஞ்சு தேஞ்சிருக்கும். திருப்பிப் போட்டா மறுபடி முதல்லேர்ந்து தேயணும், அது வரைக்கும் பொறி பறக்கும். புது நீளத்துல மூணுல ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போதே மாத்திடுங்க. முழுசா தேயவிட்டா ஸ்பிரிங் போய் செம்பைக் கீறும், அப்ப செலவு பிரஷோட நிக்காது.

அசல் பிரஷ் கிடைக்காது. மிக்ஸிக்கோ டிரில்லிங் மெஷினுக்கோ வர்ற பிரஷ்ல அளவு பாருங்க. கொஞ்சம் பெருசா இருந்தா, கண்ணாடி மேல உப்புத்தாள் விரிச்சுத் தேய்ச்சுக் குறைக்கலாம். சின்னதா இருந்தா வேணவே வேணாம், கூட்டுக்குள்ள ஆடிப் பொறி விடும். கூட்டுல விட்டா தன் எடையில வழுக்கி இறங்கணும், பக்கவாட்டுல ஆடக் கூடாது. முக்கியமா, முதுகுல செம்புப் பின்னல் ஒயர் இருக்கிற பிரஷ். பின்னல் இல்லாததைப் போட்டா கரன்ட் ஸ்பிரிங் வழியாப் போகும், ஸ்பிரிங் சூடேறித் தளரும், பிரஷ் அழுத்தம் போகும்.

கம்யூட்டேட்டர் பழுப்பு, சாக்லேட் கலர்ல வழவழன்னு இருந்தா தொடாதீங்க, அதுதான் ஆரோக்கியம். கருகித் திட்டுத்திட்டா இருந்தா 400 நம்பர் உப்புத்தாளை மெலிசாக் கிழிச்சு, ஆர்மேச்சரை (மோட்டார்ல சுத்தற பாகம்) சுத்திக்கிட்டே சமமாத் தேய்க்கணும். ஒரே இடத்துல தேய்ச்சாக் குழி விழும். அப்புறம் செம்புத் துண்டுகளுக்கு நடுவுல இருக்கிற மைக்கா செம்பை விட அரை மி.மீ. பள்ளமா இருக்கணும். தேய்ஞ்ச ஹேக்ஸா பிளேடை இன்னும் மெலிசாச் சாணை பிடிச்சு ஒவ்வொரு இடுக்கா இழுங்க. பல்துலக்கி பிரஷ்ல செம்புத் துகளைத் தட்டி விடுங்க. ஒரு துகள் ரெண்டு துண்டுக்குப் பாலம் போட்டா போதும், காயில் கருகிடும்.

புதுப் பிரஷ் போட்டதும் சீரிஸ் லாம்ப்லயே அரை மணி ஓட்டுங்க, நுனி படியட்டும். நுனியில சின்ன நீலப் பொறி சகஜம். கம்யூட்டேட்டரைச் சுத்தி மோதிரம் மாதிரி நெருப்பு ஓடினா ஆர்மேச்சர் போச்சு. பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளுக்கு மல்டிமீட்டர் வெச்சுச் சுத்தி வாங்க, எல்லாம் ஒரே அளவு காட்டணும். ஒண்ணு மட்டும் தனியா நின்னா அந்தக் காயில்தான் குற்றவாளி.

20 ஜனவரி, பின்குறிப்பு

எமரித் துணி வேணாமான்னு ஒரு தம்பி கேட்டார். வேணாம். அதோட துகள் மின்சாரம் கடத்தும், செம்புலயும் பொதிஞ்சுக்கும்.

26 ஜனவரி

பேரிங் பத்திக் கேட்டவருக்கு: மூடித் தகட்டுல நம்பர் பொறிச்சிருக்கும், அதையே சொல்லி வாங்குங்க. ரப்பர் மூடி வேணாம், இரும்பு மூடி இருக்கிற ZZ, முடிஞ்சா C3 (உள் இடைவெளி கொஞ்சம் கூடின ரகம்). இந்த வேகத்துல ரப்பர் உரசிச் சூடாகும். விசிறி நட்டு சிலதுல இடது மரை. வழக்கமான திசையில ரெண்டு தடவை முயன்றும் அசையலைன்னா, எதிர்த் திசையில மெதுவாப் பாருங்க, தண்டை முறுக்கிடாதீங்க. அலுமினிய விசிறி இதழ் ஒண்ணு வளைஞ்சாலும் அதிர்வு வரும், புதுப் பேரிங் ஒரு மாசம் தாங்காது.

2 பிப்ரவரி

கொஞ்சம் வழி தவறிப் போறேன்.

சேகரிக்கிறவங்க எதைத் தேடணும்னு ராயபுரத்துலேர்ந்து கேள்வி. பெரம்பூர், ராயபுரம் பக்கம் ரயில்வே, துறைமுக வேலையில இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களோட பழைய வீடுகளைக் காலி பண்ணும்போது பிரிட்டிஷ் சரக்கு வெளிய வர வாய்ப்பு உண்டு: ஹூவர், கோப்ளின், எலக்ட்ரோலக்ஸ். மூர் மார்க்கெட் 1985-ல எரிஞ்சதோட அந்த வேட்டைக்காடு போச்சு. இப்ப வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்கு ஊரைக் கடந்து போகணும்.

கோப்ளின்ல ஒரு விசேஷம். 1901-ல லண்டன்ல உறிஞ்சற மெஷினுக்குக் காப்புரிமை வாங்கின ஹியூபர்ட் செசில் பூத் ஆரம்பிச்ச கம்பெனியோட வீட்டு உபயோகப் பெயர் அது. அதுக்கு முன்னாடி தூசியை ஊதித் தள்ற மெஷின்தான் இருந்துச்சு. பூத் நாற்காலி மேல கைக்குட்டையை விரிச்சு, வாயை வெச்சு உறிஞ்சிப் பார்த்தாராம். இருமல் வந்துச்சு, கைக்குட்டையோட அந்தப் பக்கம் கருப்பா இருந்துச்சு. அவரோட முதல் மெஷின் குதிரை வண்டியில தெருவுல நிக்கும், குழாய் மட்டும் ஜன்னல் வழியா வீட்டுக்குள்ள வரும். நம்ம ஊர் கழிவுநீர் லாரி மாதிரி கற்பனை பண்ணிக்குங்க.

ஹூவர் கதை வேற. அமெரிக்காவுல ஓஹியோவுல துப்புரவு வேலை பார்த்த ஜேம்ஸ் மர்ரே ஸ்பேங்ளர் 1908-ல காப்புரிமை வாங்கினார், அதை வாங்கி விற்றவர் ஹூவர். நிமிர்ந்து நிக்கிற மெஷின், அடியில சுத்தற பிரஷ். அந்த வம்சத்துல தூசி முதல்ல விசிறிக்குள்ள போய், அப்புறம்தான் பைக்குப் போகும். ஒரு ரூபாய் நாணயம் உள்ள போனா விசிறி இதழ் காலி. 1921-ல எலக்ட்ரோலக்ஸ் மாடல் V தரையில படுத்து, சறுக்குக் கட்டை மேல வந்துச்சு. அதுல பை முதல்ல, விசிறி அப்புறம். நம்ம வீட்டுப் பரண்ல இருக்கிற உருளையெல்லாம் அதோட பேரன்.

கம்பளம் விரிச்ச ஊருக்கு நிமிர்ந்து நிக்கிறது சரி. மொசைக், ரெட் ஆக்சைடு, டைல்ஸ் தரைக்கு அந்தச் சுத்தற பிரஷ் தூசியை எதிர்ச் சுவத்துக்குத்தான் வாரி அடிக்கும். அலமாரியில நிக்கட்டும், அழகாத்தான் இருக்கும்.

3 பிப்ரவரி

கப்பல்ல வேலை பார்க்கிறவங்க கொண்டு வர்ற அமெரிக்க மெஷின் 120 வோல்ட். நேரா சொருகினா ரெண்டு நொடி ராக்கெட், அப்புறம் புகை. ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேணும். 1200 வாட்ஸ்னா 10 ஆம்பியர், அதனால 2 கேவிஏ வாங்குங்க, 1 கேவிஏ தாங்காது. 60 ஹெர்ட்ஸ்னு போட்டிருக்கேன்னு பயப்பட வேணாம், பிரஷ் வெச்ச மோட்டாருக்கு அது கணக்கே இல்லை. பழையதுல ஏசி/டிசி ரெண்டும்னு எழுதியிருக்கிறதைப் பார்த்திருப்பீங்க.

16 பிப்ரவரி

எண்ணூர்லேர்ந்து ஒரு அக்கா கேட்டது: "பை இல்லாத சைக்ளோன் வாங்கினேன். ரெண்டே வாரத்துல இழுவை போயிடுது. கழுவினா ஒரு நாள் நல்லா இருக்கு. மெஷின் கோளாறா?"

மெஷின் கோளாறு இல்லைக்கா, தூசி அப்படி. சைக்ளோன் தூசியைச் சுழற்றி ஓரத்துல வீசிப் பிரிக்குது. தலைமுடி, மணல், சோத்துப் பருக்கை எல்லாம் அழகா விழும். அனல்மின் நிலையச் சாம்பல் அவ்வளவு கனம் இல்லை. நுண் துகள் சுழலுக்குத் தப்பிச்சு நேரா ஃபில்டருக்குப் போயிடும். கடற்கரை ஈரமும் சேர்ந்தா ஃபில்டர் மடிப்புல சிமென்ட் பூச்சு மாதிரி இறுகும். 1993-ல டைசன் DC01 வந்தப்ப பை இல்லாததுதான் புதுமை. வீட்டுத் தூசிக்கு அந்த யோசனை பிரமாதம், சாம்பல் தெருவுக்குப் பை உள்ளதுதான் என் ஓட்டு. பல அடுக்கு நான்-ஓவன் (நெய்யாத துணி) பை, பின்னாடி H13 (நுண் தூசியைப் பிடிக்கிற HEPA ரகம்) ஃபில்டர். பையில அடங்கின சாம்பல் பையோட குப்பைக்குப் போகும். சைக்ளோன் டப்பாவைத் தட்டும்போது பாதி மறுபடி மூக்குக்குத்தான் வரும்.

ராயபுரத்துக்காரங்க, துறைமுகத்துல நிலக்கரி இறக்கின நாள்ல இதே அவஸ்தையைக் கருப்பு கலர்ல பட்டிருப்பாங்க. 2011-ல கோர்ட் உத்தரவுக்கு அப்புறம் அந்தச் சரக்கு எண்ணூர் பக்கம் போச்சு. தூசிக்கு விலாசம் மாறினது, அவ்வளவுதான்.

கழுவலாம்னு எழுதியிருக்கிற ஃபில்டரை மட்டும் கழுவுங்க. காகித H13-ஐக் கழுவினா பார்வைக்கு நல்லாத்தான் இருக்கும், இழை பிரிஞ்சு வடிகட்டற வேலை போயிருக்கும். கழுவினதை நிழல்ல 24 மணி நேரம், ஐப்பசி கார்த்திகைன்னா 48.

17 பிப்ரவரி

பழைய உருளைக்குப் பை கிடைக்காது, தைக்கணும். ஜவுளிக்கடை நான்-ஓவன் பைத் துணி நுண் தூசியை அப்படியே விடும். முகக்கவசத்துக்கு வர்ற மூணு அடுக்கு எஸ்எம்எஸ் துணி வாங்குங்க. உருளையோட உள் சுத்தளவை விட 2 சென்டிமீட்டர் அகலம் கூட, நீளம் முழு உருளைக்கும். தையல் ஓட்டை வழியாத்தான் தூசி தப்பும், அதனால ஓரத்தை மடிச்சு ரெண்டு தடவை தைச்சு, தையல் மேல ஃபெவிகால் தடவிக் காய வைங்க. வாய்க்குக் கெட்டி அட்டை வளையம், அதுக்கு வெளிய பழைய சைக்கிள் டியூப்ல வெட்டின வளையம். ரெண்டு அடுக்குத் துணி போடுங்க.

ஒழுக்கு டெஸ்ட்: காத்து வெளிய வர்ற வாயில ஈரக் கருப்புத் துணியைப் பிடிச்சு, முன்னாடி ஒரு ஸ்பூன் முகப்பவுடரை இழுக்க விடுங்க. துணி வெளுத்தா வளையத்துல இடுக்கு இருக்கு. பூத்தோட கைக்குட்டைதான், திருப்பிப் பிடிச்சது.

23 பிப்ரவரி

ரெண்டு அடுக்குன்னு சொன்னதைத் திரும்ப வாங்கிக்கறேன். சில நூறு வாட்ஸ் மோட்டாருக்கு ரெண்டு அடுக்கு எஸ்எம்எஸ் மூச்சு முட்டும். குப்பைப் பை டெஸ்ட்ல பை இல்லாம 6 நொடின்னா, தைச்ச பையோட 7-க்குள்ள இருக்கணும். 9, 10 ஆச்சுன்னா ஒரு அடுக்காக் குறைங்க. முக்கால்வாசி நிரம்பறதுக்கு முன்னாடியே கொட்டுங்க.

8 மார்ச்

ரோபோவைப் பத்திக் கேட்டுக்கிட்டே இருக்கீங்க. 2001-லயே எலக்ட்ரோலக்ஸ் டிரைலோபைட், 2002-ல ரூம்பா. சேகரிப்புக்குச் சுவாரசியம். நம்ம வீட்ல எதிரி மூணு: நிலைப்படி, புடவைத் தலைப்பு, கோலம். சாதாரண ரோபோ 2 சென்டிமீட்டர் ஏறும், பழைய வீட்டு நிலைப்படி 4, 5 இருக்கும். கோலமாவு கல்மாவா இருந்தா நுண்ணிய கல்தூள், ரோபோவோட தீப்பெட்டி சைஸ் ஃபில்டரை ஒரே நாள்ல மூடிடும். பூஜை அறைக்கு எல்லை போட்டு விடுங்க. மாமியார்கிட்ட மாட்டப் போறது நீங்கதான், ரோபோ இல்லை.

கம்பி இல்லாத குச்சி மாடல்: மோட்டார்ல பிரஷே கிடையாது, நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல போற ரகமெல்லாம் உண்டு, கார்பன் தொல்லை இல்லை. ஆனா முழு வேகத்துல பத்து நிமிஷம் தாண்டறது கஷ்டம். பேட்டரிதான் ஆயுசு. ஓட்டின சூட்டோட சார்ஜ் போடாதீங்க, அரை மணி ஆறட்டும். செல் மாத்தறவங்க ஸ்பாட் வெல்டிங் பண்ணணும். நேரா ஈயம் பத்த வைக்கிற கடைன்னா திரும்பி வந்துடுங்க.

27 ஏப்ரல்

காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் இருக்கிறவங்களுக்கு மட்டும். உப்புக் காத்துல ஓடாத மெஷின்தான் சீக்கிரம் சாகும். அலுமினிய விசிறியில வெள்ளைப் பொடி பூக்கும், ரிவெட் துருப்பிடிக்கும், பேரிங் ஒரே இடத்துல நின்னு குழி விழும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை 5 நிமிஷம் சும்மா ஓட்டுங்க. குரோம் குழாயைத் தண்ணி நனைச்ச துணியால துடைச்சு, காய விட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு பூச்சு. மொட்டை மாடி ஷெட்டுல வைக்காதீங்க.

21 செப்டம்பர்

மழைக்கு முன்னாடி ஈரமும் இழுக்கிற வெட்-டிரை வாங்கறவங்க கவனிக்க: தண்ணி நிரம்பினா மிதவைப் பந்து மேல ஏறி வாயை மூடும், சத்தம் கீச்சுனு மாறும். சோப்பு நுரை பந்தைத் தூக்காது, நேரா மோட்டாருக்குப் போகும். அதனால சர்ஃப் தண்ணின்னா பாதியிலயே கொட்டிடுங்க. தண்ணி இழுக்கறதுக்கு முன்னாடி உள்ள இருக்கிற காகிதப் பையையும் மடிப்பு ஃபில்டரையும் கழட்டுங்க.

2023 டிசம்பர் வெள்ளத்துல எண்ணூர்ல வீட்டுக்குள்ள எண்ணெய் வந்துச்சே, அந்த மாதிரி சமயத்துல வேக்குவத்தைத் தொடவே கூடாது. மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் எதுவும் ஆகாது. ஆவி உள்ள போகுது, உள்ள கார்பன் பிரஷ் பொறி விட்டுக்கிட்டே இருக்கு. மரத்தூள், பழைய துணி போட்டு ஒத்தி எடுங்க.

1 அக்டோபர், ஆயுத பூஜை

தண்டையார்பேட்டைக்காரர் அளந்து அனுப்பியிருக்கார். பழசு, எர்த் போட்டு, பிரஷ் மாத்தி, ஒரு அடுக்குப் பையோட: டியூப்ல தண்ணி வித்தியாசம் 1 மீட்டர் 15, குப்பைப் பை 7 நொடி. புதுசு, ஃபில்டர் மாத்தறதுக்கு முன்னாடி: 1 மீட்டர் 90, 14 நொடி. மாத்தின அப்புறம்: அதே 1 மீட்டர் 90, 5 நொடி. பை 150 லிட்டர்னு வெச்சுக் கணக்குப் போட்டா, காத்துக்குப் போற வாட்ஸ் பழசு 60, அடைச்ச புதுசு 50, சுத்தமான புதுசு 140. வீட்ல எல்லாரும் சொன்னது அன்னிக்கு வரைக்கும் சரிதான்.

ரெண்டுக்கும் பொட்டு வெச்சிருக்கார், படத்துல பார்த்தேன். பழசுக்குச் சந்தனத்தைக் காத்து வெளிய வர்ற சல்லடை மேலயே அப்பியிருக்கீங்க சார். காயறதுக்குள்ள துடைச்சிடுங்க.